கால்பந்து கேமில் தாக்குதல், தற்காப்பு உத்திகளை மாற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து வீடியோ கேம் விளையாடும் நண்பர்கள், சில வாரங்கள் கழித்து டாக்டிக்ஸ் (உத்திகள்) பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, ஏறத்தாழ ஒரே வரிசையில் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கொனாமி நிறுவனத்தின் பெஸ் (ப்ரோ எவல்யூஷன் சாக்கர்) 2016 முதல் பெஸ் 2021 வரை, அதன்பின் 2021 செப்டம்பரில் வந்த ஈஃபுட்பால், இஏ நிறுவனத்தின் ஃபிஃபா 19 முதல், பின்னர் அத்தொடர் பெயர் மாறி வந்த எஃப்சி 25 வரை ஆகிய கேம்களை மனத்தில் கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கட்டளைகளின் பெயர் கேமுக்குக் கேம் மாறும். ஓர் இடத்தில் ஆளைக் கூட்டினால் இன்னோர் இடத்தில் ஆள் குறையும் என்ற கணக்கு மட்டும் எதிலும் மாறுவதில்லை.

ஃபார்மேஷனைத் தேர்ந்தெடுத்தாலே டாக்டிக்ஸ் முடிந்துவிட்டதுதானே? அப்புறம் எதற்கு இவ்வளவு கட்டளைகள்?

4-3-3 (தற்காப்பில் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர்) என்ற எண், வீரர்கள் தொடக்கத்தில் நிற்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. பந்து நம்மிடம் இருக்கும்போது அவர்கள் எங்கே ஓட வேண்டும், பந்து பறிபோன மறுகணம் முன்னே பாய வேண்டுமா பின்னே திரும்ப வேண்டுமா என்பதை அணிக்கான கட்டளைகளே தீர்மானிக்கின்றன. அதற்கும் மேல், ஒவ்வொரு வீரருக்கும் தனியாகக் கொடுக்கும் கட்டளைகள் மூன்றாவது அடுக்கு. ஒரே 4-3-3-ஐ வைத்துக்கொண்டு ஒருவர் எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்கலாம். இன்னொருவர் தன் பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் சுவர் கட்டலாம்.

பெஸ் 2021-இல் ஆட்டத் தொடக்கம், பந்து கையிருப்பில் உள்ள நேரம், பந்து இல்லாத நேரம் என மூன்று வெவ்வேறு அமைப்புகளை வைக்க முடியும். ஃபிஃபா 19 முதல் எஃப்சி 24 வரை, மிகுந்த தற்காப்பு முதல் மிகுந்த தாக்குதல் வரை ஐந்து ஆட்டத் திட்டங்களைச் சேமித்துவைத்து ஆட்டத்தின் நடுவே மாற்றிக்கொள்ளலாம். எஃப்சி 25-இல் இதன் பெரும்பகுதியை வீரருக்குக் கொடுக்கும் ரோல் (களத்தில் அவர் செய்ய வேண்டிய பணி) ஏற்றுக்கொண்டது. மூன்றும் விடை தேடுவது ஒரே கேள்விக்குத்தான்: பந்து கைமாறும்போது யார் எங்கே நிற்பார்?

இத்தனை அளவுகோல்களில் முதலில் எதைத் தொடுவது?

எதையும் தொடாமல், கேம் கொடுத்த இயல்புநிலையிலேயே ஐந்தாறு ஆட்டங்கள் ஆடுங்கள். வாங்கிய ஒவ்வொரு கோலும் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள்: சென்டர் பேக்குகளின் (நடுத் தற்காப்பு வீரர்களின்) பின்னாலிருந்தா, பக்கவாட்டுக் கிராஸிலிருந்தா, பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்ததா. பட்டியலில் எது அதிகமோ, அதற்குரிய ஒரே ஒரு கட்டளையை மட்டும் மாற்றுங்கள். அந்த மாற்றத்தோடு குறைந்தது மூன்று ஆட்டங்கள் ஆடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால், வென்றாலும் தோற்றாலும் காரணம் எது என்று தெரியாது. மிக மெதுவான வழி என்று இதைப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் நான் அறிந்தவரை இதைவிட உறுதியான வழி வேறில்லை.

டிஃபென்சிவ் லைனை மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா?

எல்லாக் கேள்விகளிலும் இதற்கே அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் மற்ற தற்காப்புக் கட்டளைகள் அனைத்தும் இந்த ஒன்றைச் சார்ந்தே பயன் தரும். லைனை, அதாவது தற்காப்பு வரிசையை, முன்னே ஏற்றினால் எதிரணிக்கு ஆடுகளம் சுருங்குகிறது. நம் மிட்ஃபீல்டுக்கும் தற்காப்புக்கும் இடையிலான இடைவெளியும் குறைகிறது. அதற்கு விலையாக, கோல்கீப்பருக்கு முன்னால் வெறும் புல்தரை விரிகிறது. ஆஃப்சைடு விதி காப்பாற்றும் என்று நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு: தன் சொந்தப் பாதியில் நிற்கும் வீரர் ஆஃப்சைடு ஆவதில்லை. நம் தற்காப்பு நடுக்கோடு வரை ஏறி நிற்கும்போது, நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னிருந்து ஓடத் தொடங்கும் ஸ்ட்ரைக்கருக்கு எந்தத் தடையும் இல்லை. அங்கிருந்து அது வெறும் ஓட்டப்பந்தயம்தான்.

ஆகவே மூன்றைப் பார்த்து முடிவெடுங்கள். முதலாவது, சென்டர் பேக்குகளின் வேகம்: இருவரில் ஒருவராவது வேகமானவராக இல்லாவிட்டால் லைனை ஏற்றாதீர்கள். இரண்டாவது, கோலை விட்டு வெளியே வந்து பந்தைத் துடைத்தெடுக்கும் கோல்கீப்பர் இருக்கிறாரா என்பது. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: பந்தை வைத்திருப்பவர்மீது அழுத்தம் கொடுக்கும் திட்டம் இருக்கிறதா? அழுத்தமின்றி லைனை மட்டும் ஏற்றினால், எதிராளி தலையை நிமிர்த்திப் பார்த்து, நிதானமாக த்ரூ பாஸை (தற்காப்பைப் பிளந்து பின்னால் செல்லும் பாஸை) தேர்ந்தெடுக்க நாமே நேரம் கொடுத்தவர்கள் ஆகிறோம்.

லைனை மிகவும் இறக்குவதும் இலவசம் அல்ல. பாக்ஸுக்கு வெளியே எதிராளி நின்று நிதானித்து அடிக்க இடம் கிடைக்கும். நாம் அடித்து விலக்கும் பந்து மீண்டும் அவர்களிடமே போய்ச் சேரும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, பெஸ்ஸின் 10 அளவில் 4 அல்லது 5, எஃப்சியின் 100 அளவில் 45 முதல் 55 வரை. அங்கிருந்து ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் நகருங்கள்.

காம்பாக்ட்னஸ் என்று பெஸ்ஸில் இருக்கிறதே, அதுவும் லைனும் ஒன்றுதானே?

இல்லை. தற்காப்பு வரிசை ஆடுகளத்தில் எவ்வளவு முன்னே நிற்க வேண்டும் என்பது லைன். பந்து இல்லாதபோது வீரர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருங்கி நிற்க வேண்டும் என்பது காம்பாக்ட்னஸ். உண்மைக் கால்பந்தில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு பயிற்சியாளர் அரிகோ சாக்கியின் ஏசி மிலான். கடைசித் தற்காப்பு வீரருக்கும் முன்னணி ஸ்ட்ரைக்கருக்கும் இடையே ஏறத்தாழ 25 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்று பயிற்றுவித்த அந்த அணி 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

கேமில் இதை உச்சத்தில் வைத்தால் நடுப்பகுதி இறுகும். அதே அளவுக்குப் பக்கவாட்டுகள் திறக்கும். எதிராளி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நீளமாகப் பந்தைத் திருப்பத் தெரிந்தவர் என்றால் ஓரிரு படிகள் குறைத்துக்கொள்ளுங்கள். எஃப்சி 24 வரையிலான கேம்களில் இந்த வேலையைத் தற்காப்பு அகலம் என்ற அளவுகோல் ஓரளவு செய்தது: குறைத்தால் இறுக்கம், கூட்டினால் பரவல்.

கன்டெய்ன்மென்ட் ஏரியாவை 'மிடில்' என்று வைத்தால் நடுப்பகுதியைக் காப்பார்களா?

பெயர் பலரைத் தவறாக நினைக்கவைக்கிறது. எதிராளியை எந்தப் பகுதிக்குள் தள்ளிப் பந்தைப் பறிக்க வேண்டும் என்பதையே அந்தக் கட்டளை சொல்கிறது. பந்தைப் பறிக்கும் வலுவான தற்காப்பு மிட்ஃபீல்டர் இருந்தால் மிடில் பயன்படும்; இல்லையென்றால் வைட் என்று வைத்து எதிராளியை ஓரக்கோட்டின் பக்கம் ஒதுக்குவதே நல்லது.

தொடர்ந்து பிரஸ் (எதிராளியை நெருக்கி அழுத்தம்) செய்ய வைத்தேன், 60-ஆவது நிமிடத்திலேயே எல்லோரும் களைத்துவிட்டார்கள். என்ன தவறு?

தவறு ஒன்றும் இல்லை. அந்தக் கட்டளையின் விலையே அதுதான். ஃபிஃபா 19 முதல் எஃப்சி 24 வரை தற்காப்புப் பாணிகளில் இடைவிடா அழுத்தம், பந்தை இழந்தவுடன் மட்டும் அழுத்தம், எதிராளியின் முதல் தொடுகை பிசகும்போது அழுத்தம், சமநிலை, பின்வாங்குதல் என ஐந்து இருந்தன. இவற்றில் இடைவிடா அழுத்தம் ஸ்டாமினாவை மிக வேகமாகக் கரைக்கும். களைத்த வீரர் மெதுவாக ஓடுவதோடு நிற்பதில்லை. அவர் விட்டுச்சென்ற இடத்துக்குத் திரும்பிவரவும் தாமதிக்கிறார். கடைசி இருபது நிமிடங்களில் வரிசையாகக் கோல் வாங்குவோரின் அணியைப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கும்.

அழுத்தத்தை ஒரு நிலையான ஏற்பாடாகக் கருதாமல், தேவையான நேரத்தில் மட்டும் எடுக்கும் கருவியாகப் பயன்படுத்துங்கள். பந்தை இழந்தவுடன் மட்டும் அழுத்தும் பாணி பெரும்பாலோருக்குப் போதுமானது. பெப் குவார்டியோலா பயிற்றுவித்த பார்சிலோனாவும் பந்தை இழந்த முதல் சில நொடிகளில் பாய்ந்து பறிக்க முயன்று, கிடைக்காவிட்டால் தன் அமைப்புக்குத் திரும்பியது. ஆட்டத்தின் நடுவே, பொத்தான்களின் வழியாக அணி முழுவதையும் சிறிது நேரம் அழுத்தவைக்கும் வசதி இந்தக் கேம்களில் இருந்தது. எதிராளி தன் கோல்கீப்பரிடம் பந்தைத் திருப்பித் தரும் தருணமே அதற்குப் பொருத்தமானது.

பொசெஷன் (பந்தைக் கைவசம் வைத்து ஆடுவது), கவுண்டர் அட்டாக் (பந்தைப் பறித்தவுடன் பாய்ந்து தாக்குவது) இரண்டில் எது நல்லது?

உங்கள் விரல்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது. பந்து வந்தவுடன் ஸ்பிரின்ட் பொத்தானை அழுத்துபவரா, நின்று சுற்றிப் பார்ப்பவரா நீங்கள்? முதல் வகையினர் பொசெஷன் என்று வைத்தால், பந்தைப் பெற அருகே வரும் சக வீரர்களை விட்டுவிட்டு ஓடி, தனியாகச் சிக்கிக்கொள்வார்கள். இரண்டாம் வகையினர் கவுண்டர் என்று வைத்தால், முன்னே பாய்ந்த வீரர்கள் பாஸ் கிடைக்காமல் அங்கேயே நிற்க, அணி இரண்டாகப் பிளந்துவிடும்.

ஈஃபுட்பாலில் பொசெஷன் கேம், குயிக் கவுண்டர், லாங் பால் கவுண்டர், அவுட் வைட், லாங் பால் என ஐந்து பாணிகள் உள்ளன; அவற்றில் எது எடுபடும் என்பது நீங்கள் வைத்திருக்கும் மேனேஜரின் தேர்ச்சியையும் பொறுத்தது. லாங் பால் கவுண்டரில் அணி ஆழமாகப் பின்வாங்கித் தற்காக்கும். குயிக் கவுண்டரில் முன்னேறி அழுத்தும். பெயரில் இரண்டும் கவுண்டர் என்றாலும் தற்காப்பில் எதிரெதிர். தோற்பதாகச் சொல்லும் சிலருக்கு ஒன்றை விட்டு மற்றதற்கு மாறும் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது.

பெஸ்ஸில் சப்போர்ட் ரேஞ்சை எவ்வளவு வைக்கலாம்?

பந்தை வைத்திருப்பவருக்குச் சக வீரர்கள் எவ்வளவு அருகில் வர வேண்டும் என்பதே அது. எண் குறைந்தால் நெருக்கம். குறுகிய பாஸ் ஆடுபவர்களுக்கு 3 முதல் 5, நீண்ட பாஸ் ஆடுபவர்களுக்கு 6 முதல் 8 என்பது என் அனுபவம். மிகக் குறைத்தால் எதிரணியினரும் அதே இடத்தில் குவிந்து, பாஸ் வழிகள் அடைபடும்.

தாக்குதலை மட்டும்தான் மாற்றினேன், தற்காப்பைத் தொடவே இல்லை. கோல் வாங்குவது ஏன் கூடியது?

இந்தத் தொகுப்பை நான் எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்வியால்தான். தாக்குதல் கட்டளை, தற்காப்புக் கட்டளை என்று திரையில் இரண்டு பக்கங்களாகப் பிரித்துக் காட்டுவதால், அவை தனித்தனி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பந்தை இழக்கும் கணத்தில் உங்கள் பதினொருவரும் நிற்பது தாக்குதல் கட்டளை கொண்டுபோய் நிறுத்திய இடங்களில்தான். தற்காப்புக் கட்டளை அதற்குப் பிறகே தொடங்குகிறது. வீரர்கள் திரும்பி ஓடி வந்து சேர்வதற்குள் கவுண்டர் முடிந்துவிடும்.

நான் செய்துபார்க்கச் சொல்லும் சோதனை எளியது. ஆட்டத்தைப் பதிவு செய்யுங்கள், அல்லது கோல் வாங்கியவுடன் ரீப்ளேயைப் பின்னோக்கி ஓட்டுங்கள். நீங்கள் பந்தை இழந்த அந்த நொடியில் நிறுத்தி, பந்துக்குப் பின்னால், அதாவது உங்கள் கோல் பக்கம், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கோல்கீப்பர் நீங்கலாக நால்வர் இருந்தால் கவலையில்லை. மூவர் என்றால், அவர்களில் ஒருவர் நடுவில் நிற்கும் தற்காப்பு மிட்ஃபீல்டராக இருக்க வேண்டும். இருவர் மட்டுமே என்றால், எந்த டிஃபென்சிவ் லைனும் உங்களைக் காப்பாற்றாது.

பெரும்பாலும் காணாமற்போயிருப்பவர்கள் ஃபுல்பேக்குகள், அதாவது பக்கவாட்டுத் தற்காப்பு வீரர்கள். இருவரையும் ஒரே நேரத்தில் மேலேற விடாதீர்கள்: ஒருவரை முன்னேற விட்டு, மற்றவரைப் பின்னாலேயே நிற்கச் சொல்லுங்கள். பெஸ்ஸிலும் ஈஃபுட்பாலிலும் தனிவீரருக்கான 'டிஃபென்சிவ்' கட்டளையும், ஃபிஃபாவில் 'தாக்கும்போது பின்னால் இரு' என்ற கட்டளையும் இதற்கே உள்ளன. இருவரும் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், 4-2-3-1-இன் இரண்டு நடு மிட்ஃபீல்டர்களில் ஒருவரையாவது நங்கூரம்போல் நிறுத்திவையுங்கள். பெனால்டி பாக்ஸுக்குள் செல்லும் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டும் அளவுகோலுக்கும் இதே கணக்கு பொருந்தும்: அங்கே கூடும் ஒவ்வொருவரும் பாக்ஸின் விளிம்பிலிருந்து குறைகிறார்.

கட்டளை கொடுத்தும் என் வீரர் அப்படி ஆடவில்லையே?

வீரருக்கென்று ஓர் ஆட்டப் பாணி இருக்கும். பெஸ்ஸிலும் ஈஃபுட்பாலிலும் அந்தப் பாணி, அதற்குப் பொருத்தமான இடத்தில் நிறுத்தினால் மட்டுமே செயல்படும். தற்காப்பின் முன் நிற்கும் ஆங்கர் மேன் பாணி கொண்டவரைத் தாக்கும் மிட்ஃபீல்டராக நிறுத்தினால், அவர் வெறும் எண்களாக மட்டுமே களத்தில் இருப்பார். எஃப்சி 25-இல் ரோலின் பெயருக்கு அருகே ஒன்றோ இரண்டோ கூட்டல் குறிகள் இருந்தால், அந்த ரோல் அவருக்குப் பழகியது என்று பொருள்.

இதிலிருந்து ஒரு நல்ல பழக்கம் பிறக்கிறது: கட்டளைகளை எழுதிவிட்டு ஆள் தேடாதீர்கள், ஆட்களின் இயல்பைப் பார்த்துவிட்டுக் கட்டளைகளை எழுதுங்கள். இரு ஃபுல்பேக்குகளும் தாக்கும் பாணி கொண்டவர்கள் என்றால், முந்தைய பதிலில் சொன்ன எண்ணிக்கை கட்டளை எதுவும் இல்லாமலேயே குறைந்திருக்கும்.

ஃபால்ஸ் நைன், கெகன்பிரெஸ் இதெல்லாம் வைத்தால் ஆட்டம் மேம்படுமா?

பெஸ் 2021-இல் தாக்குதலுக்கு இரண்டு, தற்காப்புக்கு இரண்டு என மேம்பட்ட கட்டளைகளை வைக்கலாம். இடம் இருக்கிறது என்பதற்காக நான்கையும் நிரப்ப வேண்டியதில்லை. ஃபால்ஸ் நைன் என்றால் ஸ்ட்ரைக்கர் பின்னே இறங்கிவந்து, சென்டர் பேக்கைத் தன்னோடு இழுத்து வருவது. அந்த வெற்றிடத்துக்குள் பாயும் விங்கர்கள் (பக்கவாட்டுத் தாக்குதல் வீரர்கள்) இல்லாவிட்டால் அதில் பயனே இல்லை. 2009 மே 2 அன்று சாண்டியாகோ பெர்னபேயூவில் மெஸ்ஸி நடுவே இறங்கி ஆடிய ஆட்டத்தில் பார்சிலோனா 6-2 என்று ரியல் மாட்ரிட்டை வென்றதற்கு, அவருக்கு இரு பக்கமும் முன்னால் ஓடிய ஏட்டோவும் ஆன்ரியும் இன்றியமையாதவர்கள். பந்தை இழந்தவுடன் பாய்ந்து அழுத்தும் கெகன்பிரெஸ்ஸுக்கு மேலே சொன்ன ஸ்டாமினா கணக்கு அப்படியே பொருந்தும்.

80-ஆவது நிமிடம், ஒரு கோல் முன்னிலை. எல்லோரையும் கீழே இறக்கிவிடலாமா?

முழுவதும் இறக்குவதுதான் முன்னிலையை இழக்கும் மிக வழக்கமான வழி. அடித்து விலக்கிய பந்தைப் பிடித்துவைக்க முன்னால் ஒருவரும் இல்லாததால், அது பத்தே நொடியில் திரும்பி வரும். லைனை ஓரிரு படிகள் மட்டும் இறக்குங்கள், இரு ஃபுல்பேக்குகளையும் பின்னால் நிறுத்துங்கள், அழுத்தப் பாணியைச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். பந்தைத் தாங்கி நிற்கக்கூடிய ஒரு ஸ்ட்ரைக்கரைத் தற்காப்புக்கு அழைக்காமல் முன்னாலேயே விடுங்கள். பெஸ்ஸில் 'கவுண்டர் டார்கெட்' என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. களைத்த மிட்ஃபீல்டரை மாற்றுவது, எந்த அளவுகோலையும் நகர்த்துவதைவிட இந்நேரத்தில் அதிகப் பயன் தரும்.

பின்தங்கியிருக்கும்போது மிகுந்த தாக்குதலுக்கு எப்போது மாறுவது?

70-ஆவது நிமிடத்துக்கு முன் வேண்டாம். ஒரு கோல் பின்தங்கியிருந்தால் முதலில் ஒரு நிலை மட்டும் ஏற்றுங்கள். கடைசி ஐந்து நிமிடங்களில் எல்லாவற்றையும் திறந்துவிடுவதில் தவறில்லை. 1-0 என்று தோற்பதும் 2-0 என்று தோற்பதும் ஆன்லைன் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒன்றே.

எதிராளி பத்து பேரையும் பாக்ஸுக்குள் நிறுத்திவிடுகிறார். எந்த டாக்டிக் உடைக்கும்?

இங்கே வேகமான கட்டளைகள் பயன்படாது, ஏனெனில் ஓடுவதற்கு இடமே இல்லை. தாக்குதல் அகலத்தைக் கூட்டி, விங்கர்களை ஓரக்கோட்டோடு நிறுத்துங்கள். பந்தை ஒரு பக்கம் கொண்டுசென்று, அவர்களின் சுவர் அங்கே நகர்ந்தவுடன் இரண்டு மூன்று பாஸ்களில் மறுபக்கம் திருப்புங்கள். சுவர் முழுதும் நகர்ந்து முடிவதற்குள் நீங்கள் அடிப்பதே நோக்கம். இரண்டாவதாக, ஒரு மிட்ஃபீல்டரைப் பாக்ஸுக்குள் போகாமல் விளிம்பிலேயே நிறுத்துங்கள். விலக்கிய பந்து அவரிடம் வரும், தொலைவிலிருந்து அடிப்பவரும் அவரே, கவுண்டரைத் தடுக்கும் முதல் ஆளும் அவரே.

இந்த வகை எதிராளி உங்கள் பொறுமையின்மைக்காகவே காத்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். ஆளெண்ணும் சோதனையை இந்த ஆட்டங்களில்தான் மிகக் கவனமாகச் செய்ய வேண்டும்.

நன்றாக ஆடும் ஒருவரின் டாக்டிக்ஸை அப்படியே நகலெடுத்தேன். அவர் வெல்கிறார், நான் தோற்கிறேனே?

அவருடைய ஆட்கள், அவருடைய பாஸ் வேகம், அவர் கையால் தற்காக்கும் விதம் ஆகியவை அந்த எண்களோடு வருவதில்லை. எஃப்சி 25-இல் குறியீடு மூலம் டாக்டிக்ஸைப் பகிர்ந்துகொள்ள முடிந்தபின் இந்தக் கேள்வி இன்னும் அதிகமாக வருகிறது. நகலெடுப்பதில் குறையில்லை, அதை உங்கள் இயல்புநிலையாக வைத்துக்கொண்டு, இரண்டாவது கேள்விக்கான பதிலில் சொன்ன முறையைத் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் சரியாக வைத்த பிறகும் நடுவிலேயே ஓட்டை விழுகிறது. இன்னும் எதை மாற்றுவது?

ரீப்ளேயில் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஓட்டை விழுந்த இடத்தில் நிற்க வேண்டிய சென்டர் பேக், அந்த நேரத்தில் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தார்? பெரும்பாலான முறை உங்கள் கட்டுப்பாட்டில்தான் இருந்திருப்பார். பந்தைப் பறிக்கும் அவசரத்தில் அவரைத் தேர்ந்தெடுத்து முன்னே இழுத்திருப்பீர்கள். கேம் எவ்வளவு ஒழுங்காக வரிசையை அமைத்தாலும், அதிலிருந்து ஒரு செங்கல்லை நீங்களே உருவிவிட்டால் அது நிற்காது. இதற்கு எந்த அளவுகோலும் மருந்தாகாது. தற்காப்பு மிட்ஃபீல்டரைக் கட்டுப்படுத்திக்கொண்டு பாஸ் போகும் வழியை அடைத்துவிடுங்கள், சென்டர் பேக்குகளைக் கேமிடமே விட்டுவிடுங்கள், எதிராளி பாக்ஸுக்குள் கால்வைக்கும்போது மட்டும் அவர்களுக்கு மாறுங்கள். இதை ஒரு வாரம் பழகிய பின் டாக்டிக்ஸ் பக்கத்தை மறுபடி திறந்தால், முன்பு மாற்றியவற்றில் பாதியைப் பழைய நிலைக்கே திருப்பிவைக்கத் தோன்றும், திருப்பிவையுங்கள்.